துப்பறியும் நாவலும் உழைப்பாளி வாசகரும்

தொழிலாளியும் விவசாயக் கூலியும் துப்பறியும் நாவல் படிக்கலாமா? படித்துவிட்டு நாலு பேராக உட்கார்ந்து அதைப் பற்றி விவாதிக்கலாமா? கேள்வி சின்னதாகத் தோன்றும். ஆனால் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் நம் தோழர்களிடையே சில மாதங்களாக இது சூடாகவே நடந்து வருகிறது. "அறுப்புக் கூலிப் பேச்சு முடியவில்லை, ஆலையில் பழைய பாக்கி தீரவில்லை, இந்த நேரத்தில் வெள்ளைக்காரன் எழுதிய கொலைக் கதையை நாலு வாரமாகப் பேசுகிறீர்களே, நியாயமா தோழர்?" என்று ஒருவர் என்னை வழிமறித்தே கேட்டார். நியாயம்தான் என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று சொல்லுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று தெரிய வேண்டும். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு கிளை நூலகம். அதில் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. பொது நூலகங்களில் இப்படி வட்டங்கள் இருப்பது நீங்கள் அறிந்ததுதான். வெகு காலம் அது ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் வருஷத்துக்கு இரண்டு தடவை கூடி, பொன்னாடை போர்த்தி, காராபூந்தி சாப்பிட்டுக் கலைகிற இடமாக இருந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை. நூலகத்தைப் பூட்டாமல் காப்பாற்றியவர்கள் அவர்களே. பிறகு கரும்பு ஆலையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர் வந்தார்கள். காலனியிலிருந்து நாலைந்து பெண்கள் வந்தார்கள், நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். ஊர்த்தெருவில் இருக்கும் கட்டடத்தில் ஊராரும் காலனியாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் கேட்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே அந்த வட்டத்தை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆகையால் ஒருவர் படிக்க மற்றவர் கேட்பது என்று ஏற்பாடு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண், ஷெர்லக் ஹோம்ஸ் கதை ஒன்றை ஆங்கிலத்தில் வாசித்து வந்து, வாரம் ஒரு மணி நேரம் தமிழில் சொன்னாள். கானன் டாயில் எழுதிய அந்த நாவல் 1915ல் புத்தகமாக வந்தது. பெயரைத் தமிழில் சொன்னால் 'அச்சப் பள்ளத்தாக்கு' என்று ஆகும்.

கதை இரண்டு பாகம். முதல் பாகத்தில், அகழி சூழ்ந்த பழைய பங்களாவில் ஒருவன் முகம் சிதறச் சுடப்பட்டுக் கிடக்கிறான். கல்யாண மோதிரத்தைக் காணோம். தேகப்பயிற்சிக் குண்டு இரண்டில் ஒன்றைக் காணோம். அந்தக் குண்டு எங்கே போயிற்று என்று பிடித்துக்கொண்டு ஹோம்ஸ் முடிச்சை அவிழ்க்கிறார். செத்தவன் வீட்டுக்காரன் அல்ல, வீட்டுக்காரனைக் கொல்ல வந்தவன்! வந்தவனுடைய துணிமணிகளைக் குண்டைக் கட்டி அகழியில் அமிழ்த்தியிருக்கிறார்கள். இந்த இடம் வந்தபோது கூட்டத்தில் ஒரே சிரிப்பும் கைதட்டலும். ஆலைத் தோழர் ஒருவர் போன வாரமே குண்டு தண்ணீருக்குள் இருக்கிறது என்று பந்தயம் கட்டியிருந்தார். ஜெயித்துவிட்டார்.

சண்டை வந்தது இரண்டாம் பாகத்தில். அது 1875க்கு, அமெரிக்காவில் ஒரு நிலக்கரிப் பள்ளத்தாக்குக்குப் போகிறது. அங்கே ஒரு கூட்டம். வெளிப்பார்வைக்குச் சகோதரச் சங்கம். உள்ளே பார்த்தால் கொலைகாரக் கும்பல். சுரங்க மானேஜர்களைச் சுடுகிறார்கள், பத்திரிகை ஆசிரியரை அடிக்கிறார்கள், பணம் பறிக்கிறார்கள். ஊரே நடுங்குகிறது. ஓர் இளைஞன் வந்து அதில் சேருகிறான். தலைவனுக்கு வலக்கை ஆகிறான். கடைசியில் பார்த்தால் அவன் பிங்கர்ட்டன் கம்பெனியின் உளவாள்! அத்தனை பேரையும் பிடித்துக் கொடுக்கிறான். தலைவன் தூக்கில் தொங்குகிறான். உளவாளிதான் கதாநாயகன். முதல் பாகத்தில் அகழி வீட்டுக்காரனாக இருந்தவனும் அவனே.

"இந்தப் புத்தகத்தை எதுக்கு இங்க வாசிச்சீங்க?" என்று எழுந்தார் ஒரு ஆலைத் தோழர். சங்கத்தில் இருபது வருஷம் இருப்பவர். "சங்கம்னா கொலைகாரன், காட்டிக் கொடுத்தவன் நல்லவன், அப்படித்தானே சொல்லுது? நம்ம பசங்க கேட்டா என்ன நெனைப்பாங்க?" ஆசிரியர் ஒருவர் சமாதானம் சொன்னார்: "கதைய கதையா பாக்கணும் தம்பி. எல்லாத்துலயும் அரசியலைத் தேடக் கூடாது." பேச்சு தடித்தது. அப்போது, அதுவரை வாயே திறக்காத ஒரு அம்மாள், நடவு வேலைக்குப் போகிறவர், கதை சொன்ன பெண்ணைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, அந்தச் சொரங்கத்துல ஆளுக்கு எவ்வளவு கூலி?"

அந்தப் பெண் புத்தகத்தைப் புரட்டினாள். துப்பாக்கி என்ன ரகம், தலைவனுக்குத் தாடி எப்படி, சங்கத்தில் சேருகிறவனுக்குக் கையில் எப்படிச் சூடு போடுகிறார்கள், எல்லாம் இருந்தது. கூலிக் கணக்கைக் காணோம். ஊரே நிலக்கரி வெட்டிப் பிழைக்கிறது, அதில் ஒருவனுக்கும் என்ன சம்பளம் என்று கதைக்குத் தெரியவில்லை!

தோழர்களே, அந்த அம்மாள் கேட்டதைவிட நல்ல விமர்சனத்தை எந்தப் பண்டிதரும் எழுதிவிட முடியாது. நமக்கு வேண்டிய வாசிப்பு அதுதான். ஹோம்ஸ் காணாமற்போன குண்டைத் தேடினார். இவர் காணாமற்போன கூலியைத் தேடினார்.

அந்தக் கதைக்குப் பின்னால் நடந்த நிஜம் என்ன என்பதை அடுத்த வாரம் தேடிப் படித்துச் சொன்னார்கள். நானும் சேர்த்துச் சொல்லுகிறேன். பென்சில்வேனியா மாகாணத்தில் கடினக் கரிச் சுரங்கங்கள். வேலை செய்தவர்களில் ஏராளமானோர் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த அயர்லாந்துக்காரர்கள். சின்னப் பையன்கள் கரியிலிருந்து கல் பொறுக்கினார்கள். 1869 செப்டம்பரில் ஆவன்டேல் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது வெளியேற ஒரே வழிதான் இருந்தது. அதுவும் எரிந்தது. 110 பேர் மாண்டார்கள். ரயில் கம்பெனித் தலைவர் பிராங்ளின் கோவன் என்பவர் சுரங்கங்களையும் வளைத்துப் போட்டுக்கொண்டு, 1873ல் பிங்கர்ட்டன் கம்பெனியை அமர்த்தினார். ஜேம்ஸ் மக்பார்லண்ட் என்ற உளவாள் தொழிலாளர் நடுவே நுழைந்தான். கூலிக் குறைப்பை எதிர்த்து 1875ல் ஆரம்பித்த வேலைநிறுத்தம் ஜனவரி முதல் ஜூன் வரை நீண்டது. பசியால் முறிந்தது. சங்கமும் அழிந்தது. அதற்கப்புறம் 'மாலி மக்வையர்கள்' என்ற ரகசியக் கும்பல் என்று சொல்லி ஆட்களைப் பிடித்தார்கள். பிடித்தது கம்பெனிகளின் சொந்தப் போலீஸ். சாட்சி கம்பெனி உளவாள். நீதிமன்றத்தில் எழுந்து நின்று வழக்கு நடத்தியது யார்? ரயில் கம்பெனித் தலைவர் கோவனே! 1877 ஜூன் 21ந் தேதி ஒரே நாளில் 10 பேரைத் தூக்கிலிட்டார்கள். 1879க்குள் மொத்தம் 20 பேர்.

அந்தப் பள்ளத்தாக்கில் கொலையே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நடந்தன. மானேஜர்களும் மேஸ்திரிகளும் கொல்லப்பட்டார்கள். யார் செய்தது, எத்தனை செய்தது, சங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் தூக்கிலிடப்பட்டவர்களில் ஜாக் கெஹோ என்பவருக்கு 1979ல் அந்த மாகாணக் கவர்னர் மன்னிப்பு வழங்கினார். தூக்கிலிட்டு நூறு வருஷம் கழித்து! கானன் டாயில் தமது கதைக்கு அடிப்படையாகக் கொண்டது பிங்கர்ட்டன் பெயரிலேயே 1877ல் வெளியான புத்தகத்தை. உளவுக் கம்பெனி தன் வீரத்தைத் தானே எழுதியது, அதை எழுத்தாளர் கதையாக்கினார், உலகம் பூராவும் நிஜம் என்று படித்தது. ஆலைத் தோழருக்குக் கோபம் வந்ததில் என்ன தப்பு?

கோபம் சரி. ஆனால் 'புத்தகத்தைத் தூக்கிப் போடு' என்று அவர் சொன்ன முடிவுதான் சரியில்லை. வட்டத்தில் இதைப் படித்திராவிட்டால் கோவனையும் கெஹோவையும் அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எதிரி தன் கதையை எப்படிக் கட்டுகிறான், எதைக் காட்டுகிறான், எதை மறைக்கிறான் என்று தெரிந்துகொள்வதும் தொழிலாளிக்கு ஒரு படிப்பு.

இன்னொன்றும் கேளுங்கள். அதே பிங்கர்ட்டன் கம்பெனியில் 1915லிருந்து உளவாளாக வேலை பார்த்தவர் டாஷியல் ஹாமெட். பியூட் என்ற தாமிரச் சுரங்க ஊரில் 1917 ஆகஸ்டு 1ந் தேதி பிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்க ஊழியரை ராத்திரியில் வீட்டிலிருந்து இழுத்துப் போய்ப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். அவரைக் கொல்ல எனக்கு 5,000 டாலர் தருவதாகப் பேசினார்கள், நான் மறுத்தேன் என்று ஹாமெட் பின்னால் சொன்னதாக லில்லியன் ஹெல்மன் எழுதியிருக்கிறார். கம்பெனியைவிட்டு வெளியே வந்த ஹாமெட் 1929ல் ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். தமிழில் 'சிவப்பு அறுவடை' என்று சொல்லலாம். அதிலும் சுரங்க ஊர்தான், கொலைதான், ரவுடிகள்தான். ஆனால் ரவுடிகளை ஊருக்குள் கொண்டுவந்தது யார் தெரியுமா? வேலைநிறுத்தத்தை உடைப்பதற்காக முதலாளியே கூட்டி வந்தான். வேலை முடிந்ததும் அவர்கள் போகவில்லை, ஊரையே பிடித்துக்கொண்டார்கள். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி ஊர், ஒரே துப்பறியும் கதை வகை. ஒருவர் இப்படி எழுதினார், மற்றவர் அப்படி எழுதினார். ஹாமெட் பிற்காலத்தில் கம்யூனிஸ்டானார். ஜாமீன் நிதிக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்ல மறுத்ததற்காக 1951ல் சிறைக்குப் போனார். காட்டிக் கொடுப்பதையே தொழிலாகத் தொடங்கிய மனிதர் காட்டிக் கொடுக்க மாட்டேன் என்று ஜெயிலுக்குப் போனார் என்றால், கதை எழுதுவது மனிதனை எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்! சுவீடன் நாட்டில் ஷோவால், வாலே என்ற இணையரும் 1965 முதல் 1975 வரை பத்துத் துப்பறியும் நாவல்கள் எழுதினார்கள். இருவரும் மார்க்சியவாதிகள். இத்தாலியில் முசோலினியின் சிறையில் கிடந்தபோது கிராம்சி தமது நோட்டுப் புத்தகங்களில் துப்பறியும் கதையைப் பற்றியும் சிந்தித்து எழுதினார். ஜனங்கள் எதை விரும்பிப் படிக்கிறார்களோ அதைக் கவனிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆகவே 'துப்பறியும் கதை என்றாலே நஞ்சு' என்று தள்ளுகிற தோழர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

நம் தமிழிலும் இந்தச் சரக்கு நேற்று வந்ததல்ல. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் நூறு வருஷத்துக்கு முன்பே கட்டுக் கட்டாக எழுதித் தள்ளினார்கள். வடுவூராரின் 'திகம்பர சாமியார்' 1950ல் படமாகி, எம். என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு நடித்தார். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால். பிறகு சுஜாதாவின் கணேஷ், வசந்த். அப்புறம் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று மாத நாவல்கள் பஸ் நிலையக் கடைகளில் துணி காயப்போட்ட மாதிரித் தொங்கின. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1906ல் பிறந்த புதுமைப்பித்தனையும், இதே கடலூரில் 1934ல் பிறந்த ஜெயகாந்தனையும் படிக்காமல் இதையா படிப்பது என்று ஆசிரியர் வருத்தப்பட்டார். வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவன் கண் மூடாமல் இருக்கப் படித்தது மாத நாவலைத்தான். பல பேருக்கு எழுத்துக் கூட்டும் பழக்கம் ஓடும் எழுத்தாக மாறியதும் அந்தச் சாணித் தாளில்தான். அந்த நன்றியை மறக்கலாகாது.

இனி அந்தப் புத்தகங்களிடம் எனக்கு இருக்கும் வழக்கைச் சொல்லுகிறேன்.

நம் துப்பறியும் நாவல்களில் குற்றம் எங்கே நடக்கிறது? பங்களாவில், எஸ்டேட்டில், ஓட்டல் அறையில். குற்றவாளி யார்? ஒரு கெட்ட மனிதன். அவனைப் பிடித்தவுடன் உலகம் சுத்தமாகிவிடுகிறது. இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜீப்பில் ஏறுகிறார். நடுவில் வேலைக்காரன், தோட்டக்காரன், டிரைவர் இவர்களைக் கூப்பிட்டு 'விசாரிக்கிறார்கள்'. இரண்டு அறை விழுகிறது. உண்மை வந்துவிடுகிறது. படிக்கிறவனும் சபாஷ் என்கிறான்.

சபாஷ் சொல்லுமுன் யோசியுங்கள். அந்த அறை யார் கன்னத்தில் விழுகிறது?

1993 மார்ச்சில், அப்போது தென்னாற்காடு மாவட்டமாக இருந்த நம் பகுதியில், முதனை கிராமத்துக் குறவர் ஒருவரைத் திருட்டுக் குற்றம் சாட்டிக் கம்மாபுரம் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் லாக்கப்பிலிருந்து தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸ் சொன்னது. அதுதான் போலீஸ் எழுதிய கதை. அவர் மனைவி அந்தக் கதையை நம்பவில்லை. அப்பகுதிக் கம்யூனிஸ்டுத் தோழர்கள் துணை நின்றார்கள். பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு அன்று வக்கீலாக ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். தப்பி ஓடியதாகச் சொல்லப்பட்டவர் லாக்கப்பில் அடித்தே கொல்லப்பட்டார் என்பது வெளிவந்தது. போலீஸ்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2021ல் 'ஜெய் பீம்' என்ற படம் வந்து உலகம் பூராவும் பார்த்தது இந்தக் கதையைத்தான். இதில் துப்பறிந்தவர் யார்? சங்கர்லாலா, கணேஷ் வசந்தா? எழுத்து வாசனை அதிகம் இல்லாத ஒரு கூலிக்காரப் பெண்! பணம் கொடுத்து மறக்கச் செய்ய முடியாத பெண்.

அதற்கு முந்தின வருஷம், 1992ல், சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் போலீஸ் நிலையத்தில் ஒருவரை அடித்துக் கொன்று, அவர் மனைவியைப் போலீஸ்காரர்களே நாசப்படுத்தினார்கள். பல்கலைக்கழக வாசலுக்குப் பக்கத்தில் நடந்தது இது. மாதர் சங்கமும் தோழர்களும் விடாமல் போராடித்தான் வழக்கு நடந்தது. அதே 1992 ஜூனில் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனக் கட்டை தேடப் போன வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைக் கூட்டம் மலைவாழ் மக்களைச் சூறையாடி 18 பெண்களைக் கெடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011ல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி. 2023ல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம்! எந்த மாத நாவலாவது இத்தனை நாள் ஓடுமா?

இதெல்லாம் பழைய காலம் என்று எண்ண வேண்டாம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும். 2025 ஜூனில் திருப்புவனத்தில், நகை காணோம் என்ற புகாருக்காகப் பிடிக்கப்பட்ட கோயில் காவலாளி இளைஞர். நகை எங்கே, சொல்லு என்று அடித்த அடி. நாவலில் வருகிற அதே 'விசாரணை'தான்.

சிலரைப் பார்த்தவுடனே திருடன் என்று முடிவு கட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரன் 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911ல் திருத்திச் சென்னை ராஜதானிக்கும் நீட்டினான். பிறந்த ஜாதியே குற்றம் என்று ஆக்கி, ராத்திரி போலீஸ் நிலையத்தில் வந்து படுக்க வைத்தான். 1947ல் நம் மாகாணத்தில் அந்தச் சட்டம் ரத்தானது. காகிதத்தில் ரத்தானது கான்ஸ்டபிள் மண்டையிலும் ரத்தாக வேண்டுமல்லவா? துப்பறியும் கதையில் யாரையும் சந்தேகிக்கலாம், கடைசிப் பக்கம் வரை குற்றவாளி தெரியாது என்பதுதான் ரசமே. நிஜ வாழ்க்கையில் முதல் பக்கத்திலேயே குற்றவாளியை எழுதிவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை வட்டத்தில் அன்றைக்கே பேசினோம், இங்கும் எழுதிவிடுகிறேன். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுபடாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய சட்டத்தில் 23வது பிரிவு. நாவலில் 'ஒப்புக்கொண்டான்' என்றதும் கதை முடிகிறது, சட்டத்தில் முடியாது. கைது செய்தால் நேரம், தேதி போட்டுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1996ல் டி. கே. பாசு வழக்கில் உத்தரவிட்டது. போலீஸ் நிலையங்களில் காமிரா வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சொன்னது. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதே, கைநாட்டு வைக்காதே என்று சங்கக் கூட்டத்தில் பத்துத் தரம் சொன்னாலும் ஏறாத விஷயம், கதையோடு சேர்த்துச் சொன்ன அன்றைக்கு எல்லோருக்கும் ஏறியது. இதைக் கண்ணால் பார்த்தேன்.

சுஜாதாவின் 'நைலான் கயிறு' குமுதத்தில் தொடராக வந்தது 1968ல். அந்த வருஷம் டிசம்பர் 25ந் தேதி ராத்திரி, கொள்ளிடத்துக்குத் தெற்கே கீழத்தஞ்சையில், கீழ்வெண்மணியில், அரைப்படி நெல் கூலி கூடக் கேட்ட குற்றத்துக்காக 44 பேரை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். கொன்றது யார் என்பதில் ஊரில் எவருக்கும் மர்மம் இல்லை. வழக்கு 1973ல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தபோது மிராசுதார்கள் விடுதலையானார்கள். நிலபுலமும் அந்தஸ்தும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்ற வகையில் தீர்ப்புப் போயிற்று. சுப்ரீம் கோர்ட்டும் அந்த விடுதலையை மாற்றவில்லை. இந்திரா பார்த்தசாரதி 1975ல் 'குருதிப்புனல்' நாவல் எழுதினார். சாகித்ய அகாடமி பரிசும் கிடைத்தது. அந்த நாவல் நிலச்சண்டையை விட்டு மிராசுதாரின் அந்தரங்கக் குறைபாட்டைக் காரணமாகப் பிடித்துக்கொண்டது என்று நம் தோழர்கள் பலர் அன்றே ஆட்சேபித்தார்கள். எனக்கும் அந்த ஆட்சேபம் உண்டு. கூலி மறுபடியும் கதையைவிட்டு நழுவிப் போகிறது பாருங்கள்!

உளவாளிக் கதையும் நமக்குப் புதிதல்ல. கான்பூர் சதி வழக்கில் சிங்காரவேலர் பெயரைச் சேர்த்தார்கள். மதுரை சதி வழக்கில் பி. ராமமூர்த்தி, என். சங்கரய்யா முதலிய தோழர்களை உள்ளே தள்ளினார்கள். போலீஸ் ஜோடித்த கதை நிற்கவில்லை. சுதந்திரத்துக்கு முந்தின நாள், 1947 ஆகஸ்டு 14ந் தேதி, எல்லோரும் விடுதலை. நாவலாசிரியராவது கடைசி அத்தியாயத்தில் முடிச்சை ஒழுங்காக அவிழ்ப்பார்.

ஆகவே வாசகர் வட்டம் என்ன செய்ய வேண்டும்? துப்பறியும் நாவலைத் தள்ளவும் வேண்டாம், தலையில் வைத்து ஆடவும் வேண்டாம். ரசிக்க வேண்டியதை ரசிக்கட்டும். குண்டு அகழியில் இருக்கிறது என்று கண்டுபிடித்த தோழர் அடைந்த சந்தோஷம் உயர்ந்த சந்தோஷம். ஒரு சாட்சியத்தையும் சும்மா நம்பாமல், 'இது எப்படித் தெரியும், யார் சொன்னது, சொன்னவனுக்கு என்ன லாபம்' என்று கேட்கும் புத்தி அதில் வளருகிறது. மஸ்டர் ரோலைப் பார்க்கும்போதும், எடை மேடையில் கரும்பு நிறுக்கும்போதும், மரக்காலில் நெல் அளக்கும்போதும் அந்தப் புத்தி நமக்குத்தான் வேண்டும். அதோடு அந்த அம்மாள் கேட்ட கேள்வியையும் ஒவ்வொரு புத்தகத்திடமும் கேட்கட்டும்.

ஒருவர் படிக்க மற்றவர் கேட்பது எழுத்தறியாதவர் ஏற்பாடு, கௌரவக் குறைவு என்று சில இளைஞர் நினைக்கிறார்கள். கியூபாவின் சுருட்டுத் தொழிலாளர் சரித்திரம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். 1865ல் ஹவானாவில் 'எல் பிகாரோ' சுருட்டுத் தொழிற்சாலையில் தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒரு வாசிப்பாளரை வைத்துக்கொண்டார்கள். கை சுருட்டு சுற்றும், காது புத்தகம் கேட்கும். எந்தப் புத்தகம் என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அடுத்த வருஷமே சர்க்கார் பயந்து தடை போட்டது. ஆனாலும் பழக்கம் சாகவில்லை. அலெக்சாந்தர் தூமாவின் மான்டி கிறிஸ்டோ கதையை அவர்கள் அவ்வளவு விரும்பிக் கேட்டதால் ஒரு சுருட்டுக்கே அந்தப் பெயர் வந்தது. அதுவும் பொய் வழக்கில் சிறைப்பட்டவன் பழி வாங்கும் கதைதான். கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளிகளும் இப்படியே ஒருவரைப் பத்திரிகை வாசிக்கச் சொல்லி, அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள்.

சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948ல். அதற்குப் பாடுபட்ட எஸ். ஆர். ரங்கநாதன் நமக்குக் கொள்ளிடத்துக்கு அக்கரையில் சீர்காழியில் பிறந்தவர். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கான புத்தகம் உண்டு என்பதே 1931ல் அவர் வகுத்த விதிகளின் சாரம். வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. குடிசைக்குக்கூட வரி கட்டுகிறோம். அப்படியிருக்க, நான் சொன்ன கிளை நூலகம் சாயங்காலம் இருட்டுமுன் சாத்தப்படுகிறது. நடவுக்குப் போன பெண் வீடு திரும்பி உலை வைத்து இறக்குமுன் கதவு பூட்டு. 'பி' ஷிப்டுக்காரன் வெளியே வரும்போது ஊரே உறங்குகிறது. நூலகரைக் குற்றம் சொல்லவில்லை. ஒரே ஆள், அவரும் இரண்டு நூலகத்தைப் பார்க்கிறார். வேலை செய்கிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் திறக்க ஆள் போடுங்கள் என்று சர்க்காரிடம் கேட்பதும் கூலி கேட்பது போலத்தான்.

வட்டத்தார் மாவட்ட நூலக அதிகாரிக்கு மனு எழுதியிருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணி வரை, வாரத்தில் இரண்டு நாளாவது திறக்கக் கேட்டிருக்கிறார்கள். 63 பேர் கையெழுத்து, அதில் 11 கைநாட்டு. வழிமறித்துக் கேட்ட தோழரிடமும் மனுவை நீட்டினேன். போட்டார். அடுத்து எடுத்துக்கொள்வது 'குருதிப்புனல்'. நூலகத்தில் ஒரே பிரதிதான், அட்டை போய்விட்டது. தைத்து வைத்திருக்கிறார்கள். ஆலைத் தோழர் படிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.